அண்ணையின் குத்தகையும் எங்கள் வாயும்

இந்த நினைவு மலரில் அண்ணையின் படத்துக்கு அடுத்த பக்கத்தை எனக்குத் தந்திருக்கிறார்கள். அண்ணிதான் எழுதச் சொன்னார். அலங்காரத் தமிழ் எனக்கு வராது. வருகிறபடி எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அண்ணை பருத்தித்துறையில் பிறந்தார். மூத்தவர் அக்கா, நடுவில் அண்ணை, கடைசி நான். ஐயா நேரத்தோடு போய்விட்டதால் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு சைக்கிள் கடையில் நின்றார். எண்பதுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வந்தார். அகதிகளைப் பிரித்து அனுப்பியபோது அவருக்குக் கிடைத்தது வடகடல் கரையில் ஒரு சின்னக் கிராமம். ஹம்பேர்க்கிலிருந்து ரயிலில் இரண்டரை மணித்தியாலம். அங்கிருந்த ஒரே மதுச்சாலையின் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு மீன் பொரித்தார். பதினான்கு வருடம் பொரித்தார். அக்காவும் நானும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த மீனால்தான்.

யூரோ வந்த வருடம், மதுச்சாலையை நடத்தியவர் முழங்கால் வருத்தத்தால் விட்டுவிட்டார். கட்டிடத்தின் சொந்தக்காரி ஒரு விதவை. குத்தகையை எடுக்கிறாயா என்று அவர் அண்ணையைக் கேட்டார். நான் அன்றே சந்தேகப்பட்டேன்.

"உங்களுக்கு ஏன் தாறா? டொச்காரர் ஒருத்தரும் எடுக்கேல்லையோ? கூரை ஒழுகுதோ?"

"ஓம், ஒழுகுது. சட்டி வைச்சிருக்கிறம்."

"விளையாடாதேங்கோ அண்ணை."

"டேய், பதினாலு வருசம் அந்தக் கூரைக்குக் கீழ நிண்டனான். எங்கை ஒழுகும் எண்டு எனக்குத்தான் தெரியும். அதாலதான் எனக்குத் தாறா."

ஒப்பந்தத்தை டொச் (ஜெர்மன்) அகராதி வைத்து மூன்று தரம் வாசித்தேன். ஆறு வருடக் குத்தகை. ஆனால் முதல் வருட முடிவில் அந்த அம்மா விரும்பினால் முறிக்கலாம். ஊர் ஆட்கள் வராமல் விட்டால் கடைக்கதவுத் திறப்பைத் திரும்பத் தரவேண்டும் என்று வாயாலும் சொல்லியிருந்தார். இது பொறி என்றேன். அண்ணை கையெழுத்து வைத்தார்.

எங்கள் ஆட்கள் அதற்கு உடனே பெயர் வைத்தார்கள்: தவறணை, ஊரில் கள்ளுக்கடைக்குச் சொல்கிற பெயர். "உங்கடை அண்ணை தவறணை எடுத்திட்டாராமே?" என்று என்னிடமே கேட்டார்கள். கேட்டவர்களின் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதவில்லை.

அந்த மதுச்சாலையின் ஜன்னலோர மேசை ஆறு பேருக்குச் சொந்தம். எல்லோரும் கடலுக்குப் போய் ஓய்ந்தவர்கள். தலைவர் ஹின்றிக் என்ற கிழவர். அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர்களில் ஒருவர் கடைக்காரருக்கு ஒரு சின்னக் கிளாஸ் கோர்ன் வாங்கிக் கொடுப்பார். கோர்ன் என்பது தானியத்தில் வடிக்கும் சாராயம், நிறம் இல்லாதது. கடைக்காரர் மேசையடிக்கு வந்து, எல்லோருடைய கண்ணையும் பார்த்து, ஒரே மடக்கில் குடிக்கவேண்டும். குடித்தால் அவர் அந்த ஊர் ஆள்.

அண்ணை குடிக்கமாட்டார். நேர்த்திக்கடனும் இல்லை, சத்தியமும் இல்லை. அந்த மணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. குசினியில் நின்றவரை ஒருவரும் அவரை மேசைக்குக் கூப்பிடவில்லை. குத்தகை எடுத்த முதல் நாள் ஹின்றிக் கூப்பிட்டார். அண்ணை கையைக் கும்பிடுவதுபோல் வைத்து, நான் குடிப்பதில்லை, மன்னியுங்கள் என்றார். எங்கள் வீடுகளில் அப்படிச் சொன்னால் மரியாதை. அங்கே அது, உன்னோடு எனக்கு உறவு வேண்டாம் என்று சொன்ன மாதிரி. ஆறு பேரும் தங்கள் கிளாஸை முடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். ஐந்து நாள் அந்த மேசை வெறுமையாகக் கிடந்தது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வரவில்லை. சொந்தக்காரி வந்து வெறும் கதிரைகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் அண்ணை ஹின்றிக்கின் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். அன்றிலிருந்து அவர்கள் தினமும் வாங்கிக் கொடுத்ததையெல்லாம் மேசையடியில் நின்று குடித்தார். மேசை நிரம்பியது. முதல் வருடம் முடிந்தது, குத்தகை முறியவில்லை.

கோடையில் எங்கள் ஆட்கள் கடல் பார்க்க வந்தார்கள். அண்ணை எல்லோருக்கும் மீன் பொரித்துக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே எண்ணினார்கள், ஒரு பின்னேரத்தில் எட்டுக் கிளாஸ் என்று. பிறகு அவர்களை ரயிலடிக்குக் காரில் கொண்டுபோய் விட்டவரும் அண்ணைதான். எட்டுக் கிளாஸ் குடித்தவர் ஓட்டுகிற காரில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அப்போது ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லையா?

எனக்கும் செய்யவில்லை. நான் சனி, ஞாயிறுகளில் உதவிக்குப் போவேன். இரண்டாம் வருடம் ஒரு ஞாயிறு என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருவரும் இல்லாத நேரம், அண்ணை தனக்கென்று தனியாக வைத்திருந்த கோர்ன் போத்தலை எடுத்து, அவர் கண் முன்னாலேயே தொட்டிக்குள் கவிழ்த்தேன்.

"நீங்கள் குடிச்சுச் சாகிறதைப் பார்க்க என்னால ஏலாது!"

அண்ணை ஈரத் துணியால் கையைத் துடைத்தார்.

"முழுக்க ஊத்திப்போட்டியோ?"

"ஓம்!"

"சரி. அந்தப் பைப்பைத் திறந்து திரும்ப நிரப்பு. ஆக்கள் வரப்போகினம்."

தண்ணீர். அண்ணை குடித்த எல்லாக் கிளாஸும் தண்ணீர். அவர்கள் வாங்கிக் கொடுத்த எதற்கும் அண்ணை காசு எடுத்ததும் இல்லை. தெரிந்தது அண்ணிக்கு மட்டும். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஊர் முழுக்க உங்களைக் குடிகாரன் எண்டு கதைக்குது அண்ணை. சொல்லுங்கோவன்!"

"எங்கடை ஆக்களுக்குச் சொன்னால் பிள்ளையளுக்குத் தெரியும். அதுகள் டொச்சிலை எல்லாத்தையும் கத்திச் சொல்லுங்கள். ஹின்றிக்குக்கு இந்தப் பக்கத்துக் காது நல்லாக் கேக்கும். குத்தகை என்ரை கையிலை இருக்கிறவரைக்கும் நீ வாய் திறக்கக்கூடாது."

ஒத்துக்கொண்டேன்.

அதன் விலையை அண்ணை கட்டினார். அண்ணையின் மகளுக்கு, என் பெறாமகளுக்கு, கொலோனில் பேசிய சம்பந்தம் நின்றது. தகப்பன் தவறணை வைத்திருப்பது பரவாயில்லை, அவரே குடிக்கிறாராம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அன்று அண்ணை சாப்பிடவில்லை. இப்போதாவது சொல்லுவோம் என்றேன்.

"ரெண்டு வருசம் ஒண்டாக் குடிச்சனான் எண்டு அந்த மனுசன், ஹின்றிக், நினைச்சுக்கொண்டிருக்கு. இப்ப போய்ப் பொய் எண்டால் என்னை மதிக்குமோ?" என்றார். பெறாமகள் படித்து, வேலை எடுத்து, தனக்குப் பிடித்தவரைக் கட்டி நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த நாள் அண்ணையின் முகத்தில் இருந்து போகவில்லை.

இந்தக் கதையை யார் தொடக்கியது என்று நான் தேடினேன். பெரியப்பாவின் மகனைச் சந்தேகப்பட்டேன், அவன் அண்ணை கிளாஸோடு நிற்பதைப் படம் எடுத்தவன். ஹம்பேர்க் ரயிலடியில் கடை வைத்திருப்பவரைச் சந்தேகப்பட்டு இரண்டு வருடம் அங்கே அரிசி வாங்கவில்லை. அண்ணை வீட்டில் இருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லித் திட்டுவேன். அண்ணை கறியைத் துழாவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

மதுச்சாலைகளில் புகைக்கத் தடை வந்த காலத்தில் அண்ணைக்கு வருத்தம் பிடிபட்டது. ஈரல். கிருமியால் வந்தது, எப்போதோ தொற்றியது என்று டாக்டர் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு டாக்டர் தேவையில்லை. தோடம்பழத்தோடு பார்க்க வந்த ஒருவர் ஆஸ்பத்திரி நடையில் வைத்து என்னிடம் மெல்லக் கேட்டார்: "எவ்வளவு காலமாக் குடி?" தோடம்பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான்கு மாதம் கிடந்து, அண்ணியின் கையைப் பிடித்தபடி அண்ணை போனார்.

குத்தகையின் மீதி மாதங்களை அண்ணி நடத்தி முடித்தார். சென்ற மாதம் திறப்பைக் கொடுத்தோம். அன்று ஹின்றிக்கிடம் அண்ணியே உண்மையைச் சொன்னார். கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். திவசத்துக்கு அழைத்திருக்கிறோம். வருவாரோ தெரியாது. கோபிக்க அவருக்கு உரிமை இருக்கிறது, ஏமாற்றப்பட்டவர் அவர். உங்களுக்கு அந்த உரிமை இல்லை.

அண்ணையைப் பார்த்த டாக்டருக்கும் தாதிமாருக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த மூன்று குடும்பங்களுக்கும், கூரை ஒழுகினாலும் குத்தகை தந்த அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கதைத்தவர்களுக்கு நன்றி இல்லை என்று எழுதி இத்துடன் முடிக்கத்தான் இருந்தேன்.

எழுதியதைக் கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். கடைசி வசனத்தில் அக்கா நிறுத்தினார்.

"அதை வெட்டு."

"ஏன் வெட்டவேணும்? ஆர் தொடக்கினது எண்டு மட்டும் தெரிஞ்சால்..."

"நீதான் தொடக்கினனீ. முதல் வருசம், ரயிலடியிலை நிண்டு எனக்குப் போன் அடிச்சு அழுதனீ, அண்ணை குடிக்கத் தொடங்கிட்டார் எண்டு. நான் என்ரை மனுசன்ரை தங்கச்சிக்குச் சொன்னன். அதுக்குப் பிறகுதான் மற்ற ஆக்கள் போய்ப் பார்த்தவை."

நான் கத்தினேன். பிறகு அந்தத் தொலைபேசிக் கூண்டு ஞாபகம் வந்தது. மழையும் ஞாபகம் வந்தது.

"அண்ணைக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அப்பவே தெரியும். நான்தான் போன் எடுத்துக் கேட்டனான். குடிக்கிறன் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. தம்பி சொன்னது எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, அவன் தாங்கமாட்டான் எண்டு மட்டும் சொன்னவர்."

ஆகவே அந்த வசனத்தை வெட்டிவிட்டு இதை எழுதுகிறேன். அண்ணை குடிக்கவில்லை. குடிக்கிறார் என்று முதலில் சொன்னவன் நான். இனி எங்காவது அந்தக் கதை வந்தால், என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

— தம்பி