மாநிலக் கட்டத்தில் கர்நாடகா

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூர்க் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் மலையாகக் கொட்டும் மாங்கொட்டையிலிருந்து கொழுப்பெடுத்துச் சோப்பு செய்ய முடியுமா என்று ஆராய ஆசை. அதற்கு நிதி தேடி, பஸ் ஸ்டாண்டுக்கு அருகிலிருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன்.

ஆராய்ச்சி நிதிகளைப் பட்டியலிடும் ஓர் இணையதளத்தில் கட்டங்களை நிரப்பித் தேடினேன். பக்கம் திறக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. எதுவும் இல்லை என்று வந்தது. தொடர்ந்து மூன்று நாள் போய்த் தேடியும் இதே கதைதான். "மாங்கொட்டைக்கு எவன் கொடுப்பான்!" என்று எரிச்சலோடு எழுந்துவிட்டேன்.

சென்டரை நடத்திய சாரதம்மா திரையை எட்டிப் பார்த்தார். "ஏங்க மேடம், உங்க காலேஜு ஓசூர்லதானே இருக்குது? மாநிலம் கேக்கற எடத்துல கர்நாடகான்னு போட்டிருக்கீங்களே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. புத்தகம், ரசாயனம், பல் பிடுங்குவது என்று எல்லாவற்றுக்கும் பெங்களூருக்கு ஓடுகிறவள் நான். கையும் தானாக அங்கேயே போயிருக்கிறது.

அவரே தமிழ்நாடு என்று மாற்றித் தேடினார். இரண்டு நிதிகள் வந்தன. ஒன்றுக்கு அந்த வெள்ளிக்கிழமையே கடைசி நாள். அவசரமாக விண்ணப்பித்தேன், கிடைத்தது.

அந்த அம்மாளின் கண்ணை என்னவென்று சொல்ல! மூன்று நாளாக நான் உலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரே நிமிடத்தில் கட்டத்தைப் பார்த்துவிட்டார்.

இப்போதெல்லாம் தேடி எதுவும் வராவிட்டால் நான் எழுந்து போவதில்லை. நான் நிரப்பியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.