ஆர்லோவின் இடது கை

லாவோன் பெஷெக் ஒருவரை உட்கார வைத்துப் படம் எடுப்பதைப் பார்த்தால், வேலை முடிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். "சரி, ஆச்சு, எழுந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு கேமராவை நெஞ்சுக்கு இறக்குவாள். எதிரில் இருப்பவர் அதுவரை இழுத்துப் பிடித்த சிரிப்பை விட்டுவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, தன் சொந்த முகத்துக்குத் திரும்புவார். அப்போது நெஞ்சருகே இருந்தே 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். முன்னால் எடுத்ததெல்லாம் அவர்களுக்கு. இது ஒன்று மட்டும் அவளுக்கு.

இந்த வித்தையை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கை மாற்றியே காலம் கழித்தவள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் எல்லாருமே நன்றாகத்தான் இருப்பார்கள். நீங்கள் கதவுப் பக்கம் திரும்பியதும்தான் வலி முகத்துக்கு வரும். அதனால் லாவோன் எப்போதும் கதவுவரை போய் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். ஓய்வு பெற்று, கேமரா வாங்கிய பிறகும் அதே பழக்கம்தான்.

விலங்குக் காப்பகத்து நாய்களிடமும் இதையேதான் செய்தாள். கையில் பிஸ்கட் இருக்கும்வரை எல்லா நாயும் ஒரே நாய். பிஸ்கட் தீர்ந்து, இனி இவளிடம் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் தனி முகம் வரும். காப்பகத்தை நடத்தும் ட்ரூடி அந்தப் படங்களைக் கணினியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"லாவோன், இது நாயா, வீட்டை ஏலத்துல விட்ட விவசாயியா? இதைப் பார்த்துட்டு எவன் கூட்டிட்டுப் போவான்? நாக்கைத் தொங்கப் போட்டுட்டு இருக்கிறதைக் குடு, தாயே."

நாக்கு தொங்கும் படங்கள் காப்பகத்துக்குப் போயின. மற்றவை லாவோனின் கணினியில் தங்கின. ஊர்ப் பிள்ளைகள் வளர்த்து ஏலத்தில் விடும் கன்றுகளின் படங்களும் அங்கே இருந்தன. ஏலம் முடிந்ததும், வாங்கியவர் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், நடுவில் கன்று என்று நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். லாவோன் அதையும் எடுப்பாள். வாங்கியவர் நகர்ந்த பிறகு பிள்ளை கயிற்றை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதையும் எடுப்பாள்.

ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சி. தகரக் கூரைக் கட்டடத்தில் ஊறுகாய் ஜாடிகள் ஒரு பக்கம், தையல் வேலை ஒரு பக்கம், ஃபோட்டோக்கள் ஒரு பக்கம். பரிசாகக் கொடுக்கும் வெள்ளை ரிப்பனும் சிவப்பு ரிப்பனும் லாவோனிடம் ஒரு டிராயர் நிறைய இருந்தன. முதல் பரிசான நீலமும் சில இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலான ஊதா ரிப்பன் மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. அது வருஷா வருஷம் கேலன் ரூஜிச்காவுக்குப் போயிற்று. தானியக் குதிருக்குப் பின்னால் சூரியன் மறைவதை எடுப்பார் கேலன். அதே குதிர், அதே சூரியன். "இந்த வருஷம் மேகம் கொஞ்சம் வேற மாதிரி" என்று சொல்லிக்கொண்டே ரிப்பனை வாங்கிப் போவார். லாவோன் கை தட்டுவாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.

ஆர்லோ வித்தெக் அவளுடைய பள்ளிக்கூடத்துக் காலத்து சிநேகிதர். போல்கா நடன இசைக் குழுவில் அக்கார்டியன் வாசிப்பவர். குழுவின் பெயர் 'வித்தெக் பையன்கள்'. பையன்களில் இளையவருக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் ஹாலில் நடனம் நடக்கும்போது லாவோன் மேடையோரமாக நிற்பாள். வருஷக்கணக்காக ஆர்லோவை எடுத்திருக்கிறாள். எல்லாப் படத்திலும் பல் தெரியும். மேடையை விட்டு இறங்கினாலும் அவர் முகம் இறங்காது. அந்த ஒரு முகம் மட்டும் அவளுக்குச் சிக்கவே இல்லை.

ஏப்ரலில் அவர் தானாகவே வந்து கேட்டார். அக்டோபரில் அவருக்கும் மிலாதாவுக்கும் ஐம்பதாவது கல்யாண நாள். அழைப்பிதழில் போட ஒரு படம் வேண்டும். டிராக்டர் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி லாவோன் அவரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். அக்கார்டியன் பக்கத்திலேயே தரையில் இருந்தது.

"நல்லா எடு. நான் செத்தா இதைத்தான் வைப்பாங்க. சவப்பெட்டிக்குள்ள படுத்திருக்கிறவனைவிட கொஞ்சமாவது லட்சணமா இருக்கணும்."

"அதுக்கு ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்ல. கொஞ்சம் வாயை மூடு."

"வாயை மூடினா நான்னு யாருக்குத் தெரியும்?"

நிறைய எடுத்தாள். பிறகு, "சரி, ஆச்சு" என்று கேமராவை இறக்கினாள். ஆர்லோ மூச்சு விட்டார். சிரிப்பு போனதும் முகத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளை அடித்த சுவர் மாதிரி இருந்தது. மடியிலிருந்த இடது கையின் கட்டைவிரல், மாத்திரை உருட்டுவதுபோல ஆள்காட்டி விரல்மேல் உருள ஆரம்பித்தது. வலது கை வந்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல அதை மூடிப் பிடித்துக்கொண்டது.

க்ளிக்.

லாவோன் கேமராவை மேஜைமேல் வைத்தாள். அந்தக் கையையும் அந்த முகத்தையும் அவள் இல்லத்தில் எத்தனையோ பேரிடம் பார்த்து, எத்தனையோ பேருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள்.

"டாக்டர்கிட்டக் காட்டியாச்சா?"

ஆர்லோ மழுப்பப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "ஓமஹா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிராக்டருக்குச் சாமான் வாங்கப் போறேன்னு மிலாதாகிட்டச் சொன்னேன். பார்க்கின்சன்தானாம். வாசிக்கும்போது ஆடறதில்ல, அது ஒரு நல்ல காலம். சும்மா இருந்தாத்தான் ஆடுது."

"மிலாதாவுக்குத் தெரியாதா?"

"கல்யாண நாள் டான்ஸ் முடியட்டும். அன்னிக்கு அவ எங்கூட ஆடணும், லாவோன். நர்ஸ் மாதிரி என்னைத் தாங்கிப் பிடிச்சிட்டு நிக்கக்கூடாது. மறுநாள் காலையில நானே உட்கார வச்சுச் சொல்லிடுவேன். எங்கிட்ட இருந்துதான் அவ கேக்கணும். அதுவரைக்கும் நீ..."

"என் வாய் எப்ப திறந்திருக்கு?"

"உன் வாயைப் பத்தி எனக்குப் பயமில்ல. அந்தக் கேமராப் பெட்டியை நினைச்சாத்தான்."

"யாரும் பார்க்கமாட்டாங்க" என்றாள் லாவோன். அப்போது அப்படித்தான் நினைத்தாள்.

அழைப்பிதழுக்குச் சிரிக்கிற படம் போயிற்று. மற்ற படத்தை லாவோன் கணினியில் திறந்து பார்ப்பாள், மூடுவாள். காலையில் காப்பியோடு மறுபடி திறப்பாள். அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். வெளிச்சம் பாதி முகத்தோடு நின்றுவிட்டது. பின்னால் இருட்டு. நடுவில் ஒன்றை ஒன்று பிடித்திருக்கும் இரண்டு கைகள். விரல்கூட ஆடாமல், அவ்வளவு கூர்மையாக விழுந்திருந்தது.

கண்காட்சிக்குப் படம் கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது, கயிற்றைப் பிடித்த பிள்ளையின் படத்தைத்தான் முதலில் அட்டையில் ஒட்டினாள். பிறகு ஆர்லோவையும் ஒட்டினாள். வயசான ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதானே, இதில் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இல்லத்தில் வேலை பார்த்தவளுக்குத் தெரியும். கேலனுக்குத் தெரியுமா? கடைசியில் ஒரு அட்டையை மட்டும் எடுத்துப் போனாள். அது பிள்ளையின் படம் இல்லை.

அந்த ஞாயிறு ஹாலில் ஆர்லோவிடம் சொல்லவும் செய்தாள். "உன் படம் ஒண்ணு கண்காட்சிக்குப் போயிருக்கு."

"அழைப்பிதழ்ல போட்டதுதானே? கேலனோட சூரியனைவிட என் பல்லு பளபளன்னு இருக்கு. ரிப்பன் நமக்குத்தான்."

லாவோன், "ம்" என்றாள். வாத்துக் கறியும் மாவு உருண்டையும் வாங்க வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

கண்காட்சியில் தீர்ப்பு எல்லார் முன்னாலும்தான் நடக்கும். மடக்கு நாற்காலிகளில் ஊர் உட்கார்ந்திருக்கும். நடுவர் ஒவ்வொரு படமாகத் தூக்கிப் பிடித்து, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று வாய்விட்டுச் சொல்வார். மனசு புண்படும் என்று பயப்படுபவர்கள் படம் கொடுப்பதில்லை. அந்த வருஷம் லிங்கன் நகரத்திலிருந்து ஓவிய ஆசிரியை ஒருத்தி நடுவராக வந்திருந்தாள். நல்ல பெண், நன்றாகப் பேசினாள்.

மிலாதா அடுத்த அரங்கில் தன் கசகசாக் கொலாச்சே பன்னுக்கு நீல ரிப்பன் வாங்கிக்கொண்டு நேராக வந்து லாவோன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வருவாள் என்று லாவோன் எதிர்பார்க்கவில்லை.

"அந்தாளுக்குத் தன் படம் வந்திருக்குன்னு காலையில இருந்து ஒரே பெருமை. எப்பத் தூக்குவாங்க?"

"தெரியல. நீ போய் ஏதாவது சாப்பிடேன், மிலாதா. இங்க வேகுது."

"இருக்கட்டும்டி. ஐம்பது வருஷமா அந்த மூஞ்சியப் பார்க்கிறேன், அடுத்தவங்க அதைப் பத்தி என்னதான் சொல்றாங்கன்னு கேப்போம்."

வெளியே திறந்த மேடையில் வித்தெக் பையன்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கேலனின் குதிர் வந்தது. "அழகான படம், ஆனா நிறையப் பார்த்த படம்" என்றாள் நடுவர். கேலனின் காது சிவந்தது. அடுத்து ஆர்லோ வந்தார்.

நடுவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு பென்சிலின் பின்பக்கத்தால் படத்தைத் தொட்டாள்.

"இந்த முகத்தை முதல்ல பாருங்க. ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு, இல்லையா? இப்பக் கீழ வாங்க. இந்தக் கை இடது கையை அமுக்கிப் பிடிச்சிருக்கு. கட்டைவிரல் எப்படி நிக்குது பாருங்க. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இவர் தன் நடுக்கத்தை மறைக்கிறார். தனக்கு வந்திருக்கிற வியாதியை யாரும் பார்த்துடக் கூடாதுன்னு நினைக்கிற ஒருத்தரை, எடுத்தவங்க இவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்திருக்காங்க. ரொம்ப தைரியமான படம். ஊதா ரிப்பன் இதுக்குத்தான்."

யாரோ இரண்டு பேர் கை தட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். எடுத்தவர் எழுந்து நிற்க வேண்டும் என்பது முறை. லாவோன் எழுந்தாள். முட்டிகள் சத்தம் போட்டன.

மிலாதா மடியிலிருந்த நீல ரிப்பனை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப எடுத்தது?" நிமிராமல் கேட்டாள்.

"ஏப்ரல்ல."

"உனக்கு அப்பவே தெரியும்."

லாவோன் மறுபடி உட்கார்ந்தாள்.

"இது ஆகஸ்ட்" என்றாள் மிலாதா. எழுந்து, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

வாசலில் ஆர்லோ வந்துகொண்டிருந்தார், தோளில் அக்கார்டியனோடு, பல் தெரிய. மிலாதா நிற்கவில்லை. அவர் திரும்பி அவள் முதுகைப் பார்த்தார். பிறகு, நடுவர் ரிப்பன் குத்திச் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தார். லாவோன் கிட்டே போனாள்.

"ஆர்லோ, நான்..."

"நல்லா வந்திருக்கு" என்றார். "பெட்டிக்குள்ள இருக்கிறவன் மாதிரியே இருக்கேன்."

அன்று மேடையில் எல்லாப் பாட்டையும் வாசித்தார். ஒரு சுரம் தப்பவில்லை. பாட்டு முடியும் போதெல்லாம் கைகளை உடனே வாத்தியத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். ஊரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர் லாவோனை ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரும் யாரையும் நேராக எதுவும் சொல்வதில்லை. "ரிப்பனுக்கு வாழ்த்துகள்" என்றார்கள். ஹாலில் அவள் கேமராவைத் தூக்கினால் மேஜைக்கடியில் எதையாவது தேடினார்கள். அக்டோபர் டான்ஸ் நடந்தது, அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே. லாவோனுக்கு அது வரவில்லை. படம் எடுத்தது கேலன். மிலாதா ஹாலில் இருந்த ஆண்கள் அத்தனை பேரோடும் ஆடினாள், புருஷனோடு ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினாள் என்று ட்ரூடி வந்து சொன்னாள்.

"அவருக்கு வியாதி வந்ததுக்கு அவளுக்குக் கோபமில்லையாம். 'இன்னொருத்திகிட்ட முதல்ல சொல்லியிருக்கார் பாரு'ங்கிறா. நாலு மாசம் நீங்க ரெண்டு பேரும் அவளைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களாம்."

"அவர் எங்கிட்டச் சொல்லல, ட்ரூடி. நான் பார்த்துட்டேன்."

"அதை அவகிட்டப் போய்ச் சொல்லேன்."

போய்ச் சொல்ல லாவோனுக்குக் கால் வரவில்லை. நவம்பரில் மிலாதாவே வந்தாள். ஃபோன் செய்யவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்தாளோட படம் எல்லாத்தையும் காட்டு. பழசுல இருந்து."

"எதுக்கு?"

"எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேக்கிறான். இவருக்குச் சொல்லத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

லாவோன் காட்டினாள். ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போனார்கள். கூர்மையாக இல்லை என்று ஒதுக்கி, அழிக்காமல் விட்ட படங்களும் கூடவே வந்தன. அவற்றில்தான் இருந்தது. ஆர்லோவின் முகம் தெளிவு, சட்டைப் பொத்தான் தெளிவு, பக்கத்தில் நிற்பவரின் கை தெளிவு. அவருடைய இடது கை மட்டும் கலங்கல். ஒன்றில் இல்லை, பலவற்றில். ஷட்டர் மெதுவாகப் போயிருக்கும் என்று லாவோன் தன்னையே திட்டிக்கொண்டு ஒதுக்கியவை அவை. அதற்காகப் புது லென்ஸ்கூட வாங்கினாள்.

தீயணைப்புக்காரர்கள் போட்ட விருந்துப் படத்தில் மிலாதா விரலை வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தியது. கலங்கிய கையில் ஒரு பீர் கிளாஸ்.

"அன்னிக்கு மேஜை விரிப்பு முழுக்கக் கொட்டிட்டார். குடிகாரன்னு எல்லார் முன்னாடியும் திட்டினேன். சிரிச்சுக்கிட்டே நின்னார்." விரலை எடுக்கவில்லை. "இதைப் போட்டுக் குடு."

"இது தெளிவா இல்ல, மிலாதா. அன்னிக்கே எடுத்தது வேற..."

"இதைத்தான் கேட்டேன்."

பிரின்டர் முனகிக்கொண்டே தள்ளியது. மிலாதா காகிதத்தை ஓரத்தில் பிடித்து வாங்கினாள்.

"என்னையும் இந்த மாதிரி எடுத்து வச்சிருக்கியா? நான் பார்க்காதப்ப?"

இருந்தது. லாவோன் தேடி எடுத்தாள். சமையலறை ஜன்னல் வழியாக வெளியே பார்க்கும் மிலாதா. தேவாலயத்துக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மிலாதா. நல்ல படங்கள்.

"அழி."

அவள் பார்க்கப் பார்க்க லாவோன் ஒவ்வொன்றாக அழித்தாள்.

"வேற இருக்கா?"

"இல்ல."

சொன்னது உண்மைதான். மிலாதா அவள் முகத்தை நிதானமாக, அவசரமே இல்லாமல் பார்த்தாள். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "எங்கயாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.