எலும்பு இங்கே, வாலாட்டல் அங்கே

போன வாரம் கடைக்கு மோட்டார் ஷட்டர் போட்டோம். பொத்தானை அழுத்தினால் பூனை போல மேலே போகிறது. எதிரில் டீக்கடை வைத்திருக்கும் முருகேசன் கிளாஸும் கையுமாக வந்து பார்த்துவிட்டு, "இன்னா பாய், சத்தமே காணோம்? கடய தொறந்துகினியா இல்லியான்னே தெர்ல" என்றார். பழைய ஷட்டரைத் தூக்கினால் புதுப்பட்டினம் மார்க்கெட்டே எழுந்து உட்காரும். கிரீஸும் துருவும் கலந்த ஒரு வாடை வேறு கூடவே வரும். அந்த வாடைக்கு எனக்கு ஒரு நாயின் ஞாபகம் வரும். ஞாபகம் வந்தால் வயிறு எரியும். இத்தனை நாள் கழித்தும் எரிகிறது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

எங்களுடையது பெயிண்ட், ஹார்டுவேர் கடை. கொரோனா அடங்கிக் கடைகளைத் திறந்த புதிதில், தீபாவளிக்கு மறுநாள் காலை, பிரைமர் டின்களுக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு நாய் ஒடுங்கிக் கிடந்தது. கழுத்தில் அறுந்த கயிறு. வெடிச் சத்தத்துக்குப் பயந்து எங்கிருந்தோ ஓடி வந்திருக்கிறது. விசாரித்துப் பார்த்தேன், யாரும் தேடி வரவில்லை. செவலை என்று பேர் வைத்து நானே வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு கடைக்குப் பின்கட்டு. என் மனைவி நூர்ஜஹான் வானவர்களைத் துணைக்கு இழுத்து வாசலிலேயே மறித்தாள்.

"நாயி இருக்கற வூட்டுக்கு மலக்குமாருங்க வரமாட்டாங்க, தெரியுமில்ல?"

"கடை வேற, வூடு வேற. காவலுக்குத்தான் வச்சிருக்கேன்."

"ஷட்டர் சத்தத்துக்கே மூத்திரம் போவுது. இதுவா காவலு?"

அவள் சொன்னது உண்மை. ஷட்டரைத் தூக்கினால் அது பதறிப்போய் மீன் மார்க்கெட் வரைக்கும் ஓடும். மத்தியானம் வரை திரும்பாது. எனக்கு நாய் வளர்த்த அனுபவம் கிடையாது, ஆனால் பிடிவாதம் உண்டு. காலையில் ஷட்டரை ஒரு சாண் மட்டும் தூக்குவேன். ஒரு பிஸ்கட்டைப் போடுவேன். நிறுத்துவேன். அது காதை மடக்கிக்கொண்டு யோசிக்கும். தின்றதும் இன்னொரு சாண். சுண்ணாம்புக்கு வந்த ஆட்கள் வெளியே நின்று கத்துவார்கள். நான் பெரிய சர்க்கஸ்காரன் மாதிரி விரலை வாயில் வைத்து அவர்களை அடக்குவேன். பொங்கல் முடிந்த சமயம், முழு ஷட்டரும் ஒரே இழுப்பில் போனபோது செவலை கொட்டாவி விட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை என் மகன் காலேஜ் முடித்தபோதுகூட இல்லை.

பயம் தெளிந்த நாய் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? ரோட்டைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனதுதான்.

முருகேசன் கடைக்கு மேல்மாடியில் வசந்தா டீச்சர் குடியிருந்தார். கணக்கு டீச்சர், தனி ஆள், சுத்த சைவம். நல்ல மனுஷி, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததுதான் எனக்கு எரிச்சல். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து, "லட்டு, வாடா தங்கம்" என்பார். நான் வைத்த பேர் செவலை. அது லட்டுவுக்குத்தான் ஓடும். என் வீட்டு ஆட்டெலும்பை ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடித்துவிட்டு, திங்கட்கிழமை அந்த அம்மாவின் தயிர்சாதத்துக்கு அப்படி வாலை ஆட்டும். இடுப்பே கழன்றுவிடும் போல இருக்கும். என்னைப் பார்த்தால் வாலின் நுனி மட்டும் அசையும். பெரிய மனுஷர்கள் சலாம் சொல்வது போல, அளவாக.

"இன்னா பாய், உன் நாயி மாடில சோபா மேல குந்திகினு கீது" என்று முருகேசன் தினமும் சேதி சொல்வார். எண்ணெய் ஊற்றுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

டீச்சர் கண்ணில் படாமல் வைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். டெலிவரிக்குப் போகும்போது குட்டியானை வண்டியில் கூடவே கூட்டிக்கொண்டு போவது. வண்டி என்றால் அதற்கு உயிர் பயம். நிற்கிற வண்டிக்குள் நான் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிடுவேன், கதவைத் திறந்தே வைத்திருப்பேன். இட்லி வாசனைக்கு முன்கால் ஏறும், பின்கால் ஏறாது. ஒருநாள் பின்காலும் ஏறியது. அப்புறம் எஞ்சினைப் போட்டு அணைப்பேன். அப்புறம் தெருமுனை வரைக்கும். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்களுக்குப் பக்கத்தில் கல் அறுக்கும் மெஷின் வீறிடும்போது சீட்டுக்கடியில் புகுந்துகொள்ளும். அங்கேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அது தலையைத் தூக்கும்வரை காத்திருப்பேன். போகப் போக ஜன்னல் வழியே தலையை நீட்டி, கடல் காற்றில் காது பறக்க உட்கார்ந்து வரும். ஈசிஆர் ரோட்டில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். டீச்சர் ஒருத்தர் அதைப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு அல்ப சந்தோஷம்.

ஒருநாள் மாடிப்படியில் அது டீச்சர் கன்னத்தை நக்கியதைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. வியாபாரத்தையும் ஐந்து வேளைத் தொழுகையையும் வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? அதனால் பிஸ்கட்டை எப்போதும் தரையில்தான் போடுவேன். அது மூக்கை நீட்டினால் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வேன். மறுநாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். செவலை வந்தது. கையைப் பார்த்தது. பின்வாங்கி உட்கார்ந்து, வழக்கமாக பிஸ்கட் விழுகிற தரையைப் பார்த்தது. ஷட்டர், வண்டி, கல் மெஷின் எல்லாவற்றுக்கும் பயம் தெளிய வைத்தவன், என் கைக்கு மட்டும் அதைப் பயப்படப் பழக்கி வைத்திருந்தேன்.

கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். தோள் வலித்தது. கடைசியில் மெல்ல வந்து எடுத்துக்கொண்டது. பிறகு கையில் இருந்த தூளையும் நக்கியது. வெதுவெதுவென்று இருந்தது. பின்பக்கக் குழாயில் மண் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கடைசித் தண்ணீரை ஊற்ற மனசே வரவில்லை. அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள், ஊற்றினேன்.

அதன்பிறகு யாருக்கும் தெரியாமல் அடிக்கடி அப்படி நடந்தது. அவள் தொட்டியில் மல்லிச் செடிக்கு வைத்திருந்த மண் ஏன் குறைகிறது என்று நூர்ஜஹான் கேட்டாள். எலி என்றேன்.

அடுத்த வருஷம் டீச்சருக்குச் சொந்த ஊரான போளூர்ப் பக்கம் மாறுதல் வந்தது. உங்களிடம் மறைப்பானேன், உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கிளம்புகிற அன்று காலை கார் வந்து நின்றது. டீச்சர் கடைக்கு வந்தார்.

"பாய், லட்டுவ நான் கூட்டிட்டுப் போகட்டுமா? மழையில வெளியிலேயே கிடக்குது. எங்க வீட்டுல கட்டில் மேலகூடப் படுத்துக்கும்."

"அதுக்கு காருன்னா பயம் டீச்சர். என் வண்டியத் தவிர எதுலயும் ஏறாது. ஏறிச்சின்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க."

மார்க்கெட்டே பார்க்க ஜெயிக்க வேண்டும் என்று சொன்ன வார்த்தை அது. டீச்சர் காரின் பின்கதவைத் திறந்து, "லட்டு, வா" என்றார். செவலை என்னைப் பார்த்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரே தாவு. முன்கால், பின்கால் எல்லாம் ஒன்றாக உள்ளே போய்விட்டன. ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்பது போல ரோட்டைப் பார்த்தது.

"அட, ஜம்முனு ஏறிடுச்சே. யாரு பழக்கினது?" என்றார் டீச்சர்.

"வேற யாரு, நம்ம பாய்தான்" என்றார் முருகேசன். அன்றைக்கு மட்டும் அவர் குரலில் கிண்டல் இல்லை.

மத்தியானம் நூர்ஜஹான் ஒரு கிண்ணத்தோடு பின்வாசலுக்கு வந்து நின்றாள். "குடுத்துட்டீங்களா? எலும்பு எடுத்து வச்சிருந்தேனே" என்றாள். அவளும் எனக்குத் தெரியாமல் அதற்கு எலும்பு போட்டு வந்திருக்கிறாள்.

டீச்சர் அவ்வப்போது வீடியோ அனுப்புவார். நெல் அறுக்கும் மெஷின் பின்னால் அது ஓடுகிறது. கோயில் வெடிக்கு அசையாமல் தூங்குகிறது. ஒவ்வொன்றையும் எரிந்துகொண்டே நாலு தடவை பார்ப்பேன்.

போன மழைக்காலத்தில் போன் வந்தது. "பாய், லட்டு போயிடுச்சு. காய்ச்சல்தான், நாலே நாள். என் மடியிலதான் தலைய வச்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு டீச்சர் விம்மி அழுதார். மடி என்ற சொல் எனக்குச் சுருக்கென்று குத்தியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், அழாதீங்க டீச்சர், நல்லாத்தான் வச்சிருந்தீங்க, அதுக்கு அவ்ளோதான் ஆயுசு என்று ரொம்ப நேரம் தேற்றினேன். செத்தது என் நாய். துக்கம் விசாரித்ததும் நான்தான்.