முள்ளங்கி வைத்துச் சோதித்த பலகை

என் மேசை இழுப்பறையில் பச்சை நிறச் சர்க்யூட் பலகை ஒன்று கிடக்கிறது. இனி எவரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று அதன் நடுவே துளை போட்டிருக்கிறது. துளையிட்டவர், ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் என்னோடு வேலை பார்த்த சோதனைப் பிரிவு அக்கா.

வரைந்தவள் நான். தகடு வெட்டும் பிரஸ்ஸுக்கான பலகை அது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். அப்போது கைகள் இரண்டும் வெட்டுவாய்க்கு வெளியே இருக்கும். திருட்டு மென்பொருளில் வரைந்துகொண்டிருந்த பட்டறையைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது என் பிடிவாதம். அதில், யார் யாரோ வரைந்து பொதுவில் வைத்த உதிரிபாகப் படங்கள் கிடைக்கும். இடது பொத்தானுக்காக நாங்கள் வாங்கிய, மின்னிணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேயின் படம் மட்டும் இல்லை. நானே வரைந்தேன், பிறருக்கும் உதவட்டுமென்று பொதுத் தொகுப்பிலும் சேர்த்தேன். அன்றைய பெருமிதத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அக்கா பாகலூர்க்காரர். அவருடைய இடது ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு முடிந்துவிடும். எப்படி என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. புதுப் பலகை வந்தால் எங்கள் பட்டறைப் பிரஸ்ஸில் மாட்டி, வெட்டுவாயில் ஒரு முள்ளங்கியை வைத்து, ஒரு பொத்தானை மட்டும் அழுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். திரையில் ஒரு பிழையும் காட்டவில்லை என்று அன்று அவரிடம் சொன்னேன்.

"ஒன் கம்ப்யூட்டர முள்ளங்கிக்குத் தெரியாது பாப்பா" என்று சிரித்தபடியே வலது பொத்தானை அழுத்தினார். பிரஸ் இறங்கியது. முள்ளங்கி இரண்டாகக் கிடந்தது.

சிரிப்பு நின்றது. இன்னொரு முள்ளங்கி வைத்தார்; அதுவும் துண்டானது. ரிலே தயாரித்தவர்கள் கொடுத்திருந்த படம் அடிப்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தது. நான் அதை மேலிருந்து பார்த்ததாக எண்ணியிருந்தேன். ரிலேயின் கால்கள் இடம் வலமானதில், அழுத்தாத இடது பொத்தானை அழுத்தியதாகவே பலகை எடுத்துக்கொண்டது. நான் கொடுத்த படத்தை நம்பித்தான் மென்பொருளும் பிழையில்லை என்றிருந்தது.

"வேன்ல ஒண்ணு போயிருக்கே" என்றார் அக்கா.

அவசரமென்று கேட்ட போச்சம்பள்ளித் தொழிற்சாலைக்கு, திரையை நம்பி, சோதிக்காத ஒரு பலகையைக் காலையில் அனுப்பச் சொன்னதும் நான்தான். முதலாளி தாழ்ந்த குரலில் பேசினார். "தப்புன்னு சொல்லாதம்மா. சும்மா ஒரு செக்கிங்னு சொல்லி வாங்கிக்கலாம். இந்த ஆர்டர் போனா இங்க பாதிப் பேருக்கு வேலை இல்ல." அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பாதியில் அக்காவும் இருந்தார்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். "செக்கிங்னு சொன்னா, சோறு தின்னுட்டுப் பாக்கலாம்பாங்க. நிறுத்துன்னு சொல்லு."

போச்சம்பள்ளியில் பணியாளர்களின் கைப்பேசிகளை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாயில் தொலைபேசிக்கு அழைத்தேன்; காவலாளிதான் எடுத்தார். "பிரஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க. பலகை தப்பு. வரைஞ்சவ நான்" என்றேன். இணைப்பைத் துண்டிக்காமல் அவர் உள்ளே ஓடினார். தொலைபேசி வழியே இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. அக்கா என் தோளருகே குனிந்து, நிறுத்து நிறுத்து என்பதைக் கன்னடத்தில் "நில்சு, நில்சு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"மாட்டி முடிச்சு, ஆளு ஸ்டூல்ல ஒக்காந்துட்டாரு மேடம். நிறுத்தியாச்சு."

அக்கா எங்கள் பிரஸ்ஸிலிருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு துளையிடும் இயந்திரத்தை நோக்கிப் போனார். பொதுத் தொகுப்பில் படத்தைத் திருத்தி, பழையதைப் பயன்படுத்தியவர்கள் உடனே நிறுத்த வேண்டுமென்று என் பெயரிலேயே எழுதினேன். நன்றி சொல்லி ஒருவர் பதில் எழுதினார். எங்களுக்கு அந்த ஆர்டர் மறுபடி வரவில்லை. சில மாதங்களில் அக்காவையும் நிறுத்திவிட்டார்கள்.

இன்றும் பிழையில்லை என்று திரை சொல்லும்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து இந்தப் பலகையைப் பார்க்கிறேன். என் திருத்தம் கண்ணில் படாமல் அந்தப் பழைய படத்தை வைத்து வரைந்தவர் எங்கேனும் இருக்கக்கூடும். அவர் பட்டறையில் முள்ளங்கி வைத்துப் பார்க்க ஆளிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.