ஏழாவது பாட்டில் ஆறு மணி

சீசா என்ற நகர்ப்பகுதியில், மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஆனந்தராசாவுக்கு ஐம்பத்தினாலு வயது. நடமாட முடியாத ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவைப் பராமரிப்பது அவர் தொழில்; கிற்றார் அடித்துப் பாட்டுக் கட்டுவது வியாதி. அந்த வீட்டு வானொலியில் ஓயாமல் போன அமெரிக்க நாட்டுப்புறக் கன்ட்ரி பாட்டுகளிலிருந்து தொற்றியது. ஆனால் அவர் பாட்டில் குதிரையும் பாலைவனமும் கிடையாது. கெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் விசாவுக்கு நிற்கும் வரிசை உண்டு, மேலே ஏறாத லிஃப்ட் உண்டு. போர்கோ வெக்கியோ பகுதியில் சின்னதாய் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் மாட்டியா, இதற்கு ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி என்று பேர் சொன்ன நாளிலிருந்து ஆனந்தராசாவின் நடையே மாறிவிட்டது.

நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பாட்டுகள் பதிவாயின. ஏழாவது, மனைவி புனிதமலரைப் பற்றியது. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் அவளிடம் நேரே ஒரு நல்ல வார்த்தை சொல்லி அறியாத வாய் அது. ஆறு மணிக்கு எழும்பி வீடு துடைக்கும் வேலைக்கு ஓடுகிறவளைப் பாடி, கடைசி அடியில் பேரையும் வைத்திருந்தார். வெளியீட்டு விழாவில், சபைக்கு நடுவில் இருந்து அவள் அதைக் கேட்க வேண்டும். அந்த ஒரு ஆசைக்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும்.

விழா என்றால் நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, ஆய்வுரை. முதல் பிரதியைக் கொடுத்துப் படமெடுக்கக் கையில் ஏதாவது வேண்டுமே என்று முந்நூறு சிடி அடித்திருந்தார்கள். ஆய்வுரைக்கு வந்த அருளையா, தங்கத்தாள் சுற்றிய சிடியைப் பிரிக்காமலே நாற்பது நிமிடம் ஆராய்ந்தார்.

“இந்தப் பாட்டுகளைப் பற்றிக் கதைக்க முதல், பாட்டு எண்டால் என்ன எண்டு கொஞ்சம் கதைப்பம்” என்று தொடங்கியவர், கடைசிவரை அதையே கதைத்தார்.

பிறகு ஆனந்தராசாவின் ஏற்புரை. மண்டபம் எடுத்துத் தந்தவர், மைக் பூட்டியவர், மாட்டியா, சியாகுல்லியிலிருந்து ஒரு பெட்டி மந்தரின் பழம் கொண்டுவந்தவர் வரை எல்லாருக்கும் நன்றி சொன்னார். புனிதமலரை வேண்டுமென்றே விட்டார். அவளுக்குத்தான் ஏழாவது பாட்டு இருக்கிறதே. அவர் கிற்றாரைத் தோளில் மாட்டவும், மண்டபக் காவலாளி சாவியோடு வரவும் சரியாக இருந்தது. ஏழு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். ஒரு பாட்டும் பாடப்படாமல் பாட்டுத் தொகுப்பு இனிதே வெளியிடப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் புனிதமலர், நூற்றிருபது பேருக்குத் தேத்தண்ணி காய்ச்சிய அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினாள்.

“மந்தரின் கொண்டுவந்தவருக்கும் நன்றி சொன்னியள்” என்றாள்.

ஆனந்தராசா கிற்றாரை எடுத்தார். “உமக்கு வேறை வைச்சிருந்தனான். இஞ்சை கேளுமன்.”

சிடி போட்டுக் கேட்க வீட்டில் ஒரு கருவியும் இல்லை. குசினி வாசலில் நின்று கிற்றாரோடு பாடினார். அவள் குழாயைப் பூட்டினாள்; திரும்பவில்லை. கடைசி அடியில் அவள் பேர் வந்தது. புனிதமலர் ஈரக்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கு அது போதும் போலிருந்தது.

“நல்லாத்தான் கிடக்கு” என்றாள். “ஆனா நான் அஞ்சு மணிக்கு எழும்புறனான். ஆறு மணிக்கு நான் பஸ்ஸுக்குள்ளை. நித்திரையிலை கிடக்கிற உங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?”

மூலையில் அடுக்கியிருந்த சிடிகள் அத்தனையிலும் அவள் ஆறு மணிக்கே எழும்பிக்கொண்டிருந்தாள்.