பாதிப் பார்வையும் மோராக்கின் சொற்களும்

முதலில் போனது காரின் இடப்பக்கக் கண்ணாடி. எங்கள் மில்லிக்கன் பகுதியில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் பிளாசாவில், பத்து வருடமாக அதே இடத்தில் நிற்கும் தூணில் அடித்து உடைத்தேன். இறங்கித் தூணைத் திட்டினேன். காலையிலிருந்து தலையிடி வேறு. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டில் கறி வைக்கவில்லை என்று கணவரோடு சண்டை பிடித்தேன். அவர் தட்டை அரைச்சுற்றுச் சுற்றி வைத்தார். கறி இருந்தது.

அன்று பின்னேரமே ஆஸ்பத்திரி. அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த மருத்துவர் இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை.

“அன்ரி, உங்கட கண்ணில ஒரு பிழையும் இல்ல. பிரெயினுக்குப் பின்பக்கம் ஸ்ரோக் வந்திருக்கு. அதான் லெஃப்ட் சைட் தெரியேல்ல.”

“எனக்கு எல்லாம் தெரியுது.”

“தெரியாத பக்கம் ஒண்டு இருக்கெண்டே உங்களுக்குத் தெரியாது அன்ரி. இதில கரைச்சலே அதுதான்.”

இதற்குப் பெயர் ஹெமியனோப்பியா (இரண்டு கண்களிலும் பார்வையின் ஒரே பக்கப் பாதி அற்றுப்போவது). அந்தப் பாதி கறுப்பாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? அப்படித்தான். இதே நோயோடு வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யக்கூடாது.

மருத்துவர் சட்டப்படி போக்குவரத்து அமைச்சுக்கு அறிவித்தார், என் சாரதி அனுமதிப்பத்திரம் நிறுத்தப்பட்டது. நோய்க்கு அழாதவள் அந்தக் கடிதத்துக்கு அழுதேன். எங்கள் வீட்டில் கார் ஓட்டுபவள் நான். கணவர் மூன்று தடவை வீதிப் பரீட்சையில் தவறி, அந்தப் பேச்சையே விட்டவர். மார்க்கம் நகரில் என் வேலை, அவருடைய பல் வைத்தியர், கல்யாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட்டினேன். காலில் சக்கரம் கட்டியவள் என்று என்னைச் சொல்வார்கள். இப்போது கராஜில் கார் நின்றது, வீட்டில் நான் நின்றேன். இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாளில் எத்தனை தடவை யன்னலடிக்குப் போய் வருவேன் என்று எனக்கே தெரியாது.

மறுவாழ்வுச் சிகிச்சையில் ஒரு வீட்டுவேலை தந்தார்கள். தினமும் வீட்டில் கிடக்கும் சாதாரணப் பொருள் ஒன்றைப் போனில் படம் பிடிக்க வேண்டும். பிடிக்குமுன், இடது தோள் தெரியும்வரை கழுத்தைத் திருப்பி, அங்கிருந்து வலப்பக்கமாகப் பார்த்து வர வேண்டும். பிடித்த படத்தையும் அப்படியே இட ஓரத்திலிருந்து பார்க்க வேண்டும். நான் படத்தைப் பிடித்தேன், கழுத்தைத் திருப்பவில்லை. எனக்கென்ன, நன்றாகத்தானே தெரிகிறது!

அந்தச் சிகிச்சைக் குழுவில் மோராக் இருந்தாள். கிளாஸ்கோவில் பிறந்தவள், எழுபது வயது, ஸ்ரோக்கில் வலது கை சோர்ந்துபோனவள். “உன் படத்தை எனக்கு அனுப்பு, என் ஊர்ச் சொல் ஒன்று அனுப்புகிறேன்” என்றாள். ரீவியின் மேல் படிந்த தூசியை அனுப்பினேன். அது ‘ஸ்டூர்’ என்றாள். மழை வழியும் யன்னலுக்கு ‘ட்ரீக்’ (நாள் முழுக்க விடாமல் தூறி, ஆளையும் சோரவைக்கும் வானிலை). வெந்நீர்க் கேத்திலில் என் முகமும் விழுந்திருந்த படத்துக்கு ‘க்ராபிட்’, அதாவது சிடுமூஞ்சி. சொற்களை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கணவர் அவற்றைப் பாடமாக்கிக்கொண்டு காலையில் கேட்பார்: “இண்டைக்கு ட்ரீக்கோ, க்ராபிட்டோ?” வெறும் சோற்றுப்பானைக்கு வந்த சொல் ‘டூம்’. வெறுமை, காலி.

பெப்ரவரியில் பார்வைப் புலப் பரிசோதனை (எந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) இருந்தது; அதில் தேறினால்தான் அனுமதிப்பத்திரம் திரும்பும். அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் வந்து காரை ஒரு சுற்று ஓட்டி, முகப்பு வெளியே பார்க்கும்படி நிறுத்திவிட்டுப் போவாள். ஒரு சனிக்கிழமை காலை, பனி விட்டிருந்தது. கணவர் கடைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். கராஜ் கதவு திறந்திருந்தது. தெருமுனைவரை ஒருமுறை போய் வந்தால் எல்லாருடைய வாயும் அடைபட்டுவிடும் என்று சாவியை எடுத்தேன்.

காரின் முன்னால் நின்று பார்த்தேன். பனி வழித்த பாதை, ஒருவருமில்லை. படம் பிடித்து, கீழே ‘டூம்’ என்று எழுதி மோராக்குக்கு அனுப்பினேன். பெருமைதான். ஏறி இயந்திரத்தை இயக்கினேன். கியருக்குக் கை போனபோது போன் மணியடித்தது.

‘வெறுமை என்கிறாய். இடப்பக்கம் குந்தியிருக்கும் மனிதர் யார்?’ என்று மோராக் எழுதியிருந்தாள்.

படத்தை விரலால் வலப்பக்கம் தள்ளினேன். நீல ஜாக்கெட்டோடு என் கணவர், காதில் இயர்போன் மாட்டி வானொலி கேட்டுக்கொண்டு, வழுக்காதிருக்கப் பனிக்கட்டியில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கழுத்தைத் திருப்பினேன், தோள் தெரியும்வரை. காரின் இடப்பக்க விளக்குக்கு நாலு அடி முன்னால் அவர் குந்தியிருந்தார்.

இயந்திரத்தை நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து, என்னைக் கண்டு, கதவடிக்கு வந்தார்.

“எங்க வெளிக்கிட்டனீர்?”

“உங்களை அடிச்சிருப்பன்,” என்றேன்.

அவர் உப்பு வாளியைக் கீழே வைத்தார். பிறகு, “உம்மட அந்தப் பக்கம் நிக்க எனக்குப் பயம்தான். ரெண்டு மாசமாச் சொல்லேல்ல,” என்றார்.

அந்த வார்த்தை எந்த மருத்துவர் சொன்னதையும்விட ஆழமாகப் போனது. என்னோடு முப்பது வருடம் வாழ்ந்த மனிதர் என் பக்கத்தில் நிற்கப் பயந்துகொண்டு, எனக்குச் சோறும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பெப்ரவரிப் பரிசோதனையில் இடப்பக்கம் அப்படியேதான் இருந்தது. அனுமதிப்பத்திரம் கேட்டு நான் மேல்முறையீடு செய்யவில்லை. அவர் ஐம்பத்தெட்டு வயதில் சாரதி வகுப்புக்குப் போய், நான்காவது தடவையில் தேறினார். இருபது நிமிடத்தில் போன மார்க்கத்துக்கு இப்போது நாற்பது நிமிடம். எனக்கும் ஒவ்வொரு வாசலிலும் கழுத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு மூச்சு அதிகம் வேண்டும். அந்த மூச்சை நான் இப்போது திட்டுவதில்லை.

இந்த நாட்டில் சாரதி இருப்பது இடப்பக்கம். இத்தனை வருடமும் அவர் என் வலப்பக்கம் இருந்தார், அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டியே இருக்கவில்லை. இப்போது அவர் என் இடப்பக்கம்; பேசாமல் ஓட்டினால், எனக்கு அங்கே ஆளே இல்லை, கார் தன்பாட்டில் போகிறது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கழுத்தை முழுதாகத் திருப்பி அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

“என்ன?” என்கிறார்.

“ஒண்டுமில்ல. நீங்க ரோட்டைப் பாருங்கோ.”