வாசலில் மூன்று கழி

தோக்சில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு கிழங்கைத்தான் நகர்த்தினாள். வில்லை வில்லையாக முறத்தில் விழுந்ததை நாத்தனார் கும்ரான் அள்ளிப்போய் முற்றத்துப் பாயில் பரப்பினாள். குளிர் முற்றுவதற்குள் காய்ந்தாக வேண்டும். பனிக்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு.

கும்ரானுக்குப் பதினைந்து வயது. பரப்புவதற்கு நடுவில் ஒன்றிரண்டு வாய்க்குள்ளும் போயின.

"பச்சையாத் தின்னாத. கடல்ல முங்கும்போது வயித்தப் பிடிச்சுக்கிட்டு நிப்ப."

"தண்ணிக்குள்ள யாரு பாக்கப்போறா அண்ணி?"

"மீனு பாக்கும். நம்ம மானம் போயிரும்."

கும்ரான் சிரித்துத் திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுக் கன்று, அதற்காகவே குறுக்கே போட்டிருந்த இரண்டு வாசல் கழிகளைத் தாண்டி உள்ளே வந்து பாயில் வாய் வைத்துவிட்டது. அவள் துடைப்பத்தோடு ஓடினாள். கல்சுவருக்கு மேல் கியோங்சுவின் தலை தெரிந்தது.

"சித்தப்பா, உங்க கன்னுக்கு தினமும் எங்க வீட்லதான் விருந்தா?"

"அது ரெண்டு கழியத் தாண்டப் பழகிருச்சும்மா. மூணாப் போட்டு வையி, வராது."

கொரியாவின் ஜெஜு தீவில் வீட்டு வாசலுக்குக் கதவு கிடையாது. இரண்டு பக்கமும் துளை போட்ட கல்தூண், நடுவில் குறுக்கே மரக்கழிகள், அவ்வளவுதான். கழியே இல்லையென்றால் ஆள் உள்ளே இருக்கிறார். ஒன்று கிடந்தால் பக்கத்தில் எங்கோ போயிருக்கிறார். இரண்டு கிடந்தால் பொழுது சாய வருவார். மூன்று என்றால் ஊரை விட்டே வெகுதூரம் போயிருக்கிறார். சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

"மூணு போட்டா, அண்ணனைத் தேடி நாம ஓசாகாவுக்கே போயிட்டோம்னு நினைப்பாங்க," என்றாள் கும்ரான். தோக்சிலின் கணவன் ஜப்பானில், ஓசாகாவில் ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்தான்.

"அப்பா உள்ள படுத்திருக்கிறது ஊருக்கே தெரியும். போடு. கிழங்கு மிஞ்சட்டும்."

மாமனாருக்கு ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருடம். பேச்சும் போய்விட்டது. தோக்சில் அவருக்குத் தினைக்கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்து, இடுப்புக்கும் தோளுக்கும் கை கொடுத்து மறுபக்கம் புரட்டினாள். கடலுக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ராத்திரி விழிப்பு வரும்போதெல்லாம் ஒரு தடவை. இரண்டு வருடத்தில் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மனதுக்குள் அதில் பெருமை உண்டு.

இரண்டு பேரும் சுரைக்குடுக்கை மிதவையையும் வலைப்பையையும் தோளில் போட்டுக்கொண்டு, கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கக் கிளம்பினார்கள். கும்ரான் மூன்று கழியையும் துளையில் செருகிவிட்டு வந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருடம் அது. மலையில் அரசை எதிர்த்து ஆயுதத்தோடு ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். அவர்களைப் பிடிக்கக் கொரியப் பெருநிலத்திலிருந்து சிப்பாய்கள் வந்திருந்தார்கள். எந்த வீட்டில் ஆள் குறைகிறதோ அந்த ஆள் மலைக்குப் போனதாகக் கணக்கு. அவனுக்குப் பதில் வீட்டில் இருப்பவர் சாக வேண்டும். சிப்பாய்களுக்குத் தீவுப் பேச்சு புரியாது. பெருநிலத்தில் கூலிவேலை பார்த்துவிட்டு வந்த கியோங்சுவைத்தான் ஒவ்வொரு தடவையும் பேச்சு மாற்றிச் சொல்லக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவன் விரும்பிப் போனதில்லை. வரமாட்டேன் என்று சொன்னதும் இல்லை.

தண்ணீரிலிருந்து மேலே வந்து மூச்சு விடும்போது தோக்சில் புகையைப் பார்த்தாள். முதலில் யாரோ பன்றிக்கு மயிர் பொசுக்குகிறார்கள் என்று நினைத்தாள். புகை கறுத்து அகலமானதும் கும்ரானை இழுத்துக்கொண்டு கரையேறினாள். ஈரத்துணியோடு ஓடினார்கள்.

கூரை எரிந்துகொண்டிருந்தது. மாமனாரைப் படுக்கையோடு இழுத்து முற்றத்தில் போட்டுச் சுட்டிருந்தார்கள். நெஞ்சில் ஒரு குண்டு. கண் திறந்திருந்தது. கிழங்கு வில்லைகள் நாலாபக்கமும் சிதறி, சில ரத்தத்தில் ஊறிக் கிடந்தன. மூன்று கழியும் துளையில் அப்படியே இருந்தன. சிப்பாய்கள் சுவர் ஏறிக் குதித்திருந்தார்கள்; இன்னும் முற்றத்திலேயே நின்றார்கள்.

நடந்தது இதுதான் என்று சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். சார்ஜண்ட் துப்பாக்கியால் கழிகளைத் தட்டி, இது என்ன என்று கேட்டான். மூன்று என்றால் தூரமாகப் போய்விட்டார்கள் என்று கியோங்சு சொன்னான். எங்கே, அங்கேயா என்று சார்ஜண்ட் மலையைக் காட்டினான். கியோங்சு பதில் சொல்லவில்லை. சொல்லாததே போதுமானதாக இருந்தது.

சார்ஜண்ட் சின்ன வயதுக்காரன். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். மலைக்குப் போனதாக நினைத்தவர்கள் கண்முன்னே வந்து நின்றதில் அவனுக்குக் கோபம் அதிகமானது. ஒரு கிழவனை வீணாகச் சுட்டோம் என்று ஒப்புக்கொள்வதைவிட வேறு குற்றம் கண்டுபிடிப்பது சுலபம். அவன் கத்தியதைக் கியோங்சு மாற்றிச் சொன்னான்.

"மலைக்குப் போகலன்னா எதுக்கு இந்தக் கழின்னு கேக்கறாரு. மலைக்காரங்களுக்குச் சைகையான்னு கேக்கறாரு."

"கன்னுக்காகப் போட்டது. உங்க கன்னுக்கு. நீங்கதான சித்தப்பா போடச் சொன்னீங்க? அதைச் சொல்லுங்க அவருகிட்ட," என்றாள் தோக்சில்.

கியோங்சுவின் உதடு அசைந்தது. அவன் சிப்பாய்ப் பேச்சில் ஏதோ சொன்னான். சின்ன வாக்கியம். கன்று என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் தோக்சிலுக்குத் தெரியும். அது அதில் இல்லை.

ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் முழங்காலுக்குப் பின்னால் அடித்தான். விழுந்தாள். முதுகில் உதைத்தார்கள். வாயில் மண்ணும் ரத்தமும் சேர்ந்து வந்தது.

"போட்டது யாருன்னு கேக்கறாரு." கியோங்சு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கும்ரான் வாயைத் திறந்தாள். தோக்சில் தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் தோக்சில். "அவ அப்ப கடல்ல இருந்தா. இது நல்லாக் கேக்கட்டும், இதையாவது சரியாச் சொல்லுங்க."

இதைக் கியோங்சு சரியாகச் சொன்னான்.

"எந்தக் கையாலன்னு கேக்கறாரு."

தோக்சில் யோசித்தாள். வலது கை கடலுக்கடியில் கத்தி பிடிக்கிற கை. சோறு போடுகிற கை. இடது கையை நீட்டினாள்.

அதை வாசல் கல்தூண் மேல் வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். விரல் முறிகிற சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது. மறுபடியும் அடித்தார்கள். அவள் அலறவில்லை. கடலில் மூழ்கும் பெண்கள் ஆழத்திலிருந்து மேலே வரும்போது விடுகிற நீண்ட சீழ்க்கை மூச்சு ஒன்று அவளிடமிருந்து வந்தது. பிறகு மயங்கினாள். கும்ரான் கண்ணை மூடாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். சிப்பாய்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். அங்கேயும் புகை எழுந்தது.

இருவரும் அன்று பன்றிக்கொட்டகையில், வைக்கோலுக்குள் படுத்தார்கள். அது மட்டும்தான் எரியாமல் நின்றது.

"நான் போட்டேன்னு சொல்லியிருக்கணும் அண்ணி."

"சொல்லியிருந்தா உன்னை வண்டில ஏத்தியிருப்பான். வயசுப் பொண்ணுங்களை ஏத்திட்டுப் போனா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் கும்ரான்.

காலையில் தெரியாத விஷயம் அது அவளுக்கு. தோக்சில் வலது கையால் வைக்கோலை அவள் மேல் இழுத்துப் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் தோக்சில் மூன்று கழியையும் உருவச் சொன்னாள். ஒன்றைக் கும்ரான் கத்தியால் பிளந்து சிம்பு எடுத்தாள். முறிந்த விரலை இழுத்து நேராக்கித்தான் கட்ட வேண்டும். அப்படியே விட்டால் கோணிக்கொள்ளும். தோக்சில் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கும்ரான் விரல் விரலாக இழுத்துச் சிம்பு வைத்துக் கட்டினாள்.

அடுத்து மாமனாரைக் கழுவினார்கள். ஒற்றைக் கையால் தோக்சில் வழக்கம்போல் இடுப்பில் கை கொடுக்க, கும்ரான் தோளைப் பிடித்துப் புரட்டினாள். முதுகைத் துடைத்தாள். குண்டு வெளியே வந்த ஓட்டையைத் தவிர அதில் ஒரு புண் இல்லை.

மிச்சமிருந்த இரண்டு கழிக்கு நடுவில் கருகாத பாயைக் கட்டி அவரைக் கிடத்தினார்கள். முன்பக்கத்தைக் கும்ரான் பிடித்தாள். பின்பக்கத்தைத் தோக்சிலால் தூக்க முடியவில்லை. ஊரில் மிச்சமிருந்த ஆண்கள் அவரவர் பிணத்தோடு இருந்தார்கள்.

கியோங்சு வாசலில் வந்து நின்றான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"என்னைச் சுட்டிருப்பாங்க," என்றான்.

"ஆமா, சுட்டிருப்பாங்க," என்றாள் தோக்சில். "பின்பக்கம் கனம். குனிஞ்சு தூக்குங்க, இடுப்பு பிடிச்சுக்கும்."

அவன் உள்ளே வந்து தூக்கினான். கும்ரான் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தப்பா என்று கூப்பிடவும் இல்லை. வயலுக்குப் போகிற வழி முழுக்க அவன் மூச்சு வாங்குவது கேட்டது. கிழங்கு தோண்டிய குழிகளுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். மண்ணைக் கியோங்சு தள்ளினான். கும்ரான் மிதித்து இறுக்கினாள்.

திரும்பி வந்தபோது கன்று முற்றத்தில் நின்று, தீயில் வெந்த கிழங்கு வில்லைகளைத் தின்றுகொண்டிருந்தது. கும்ரான் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மண்ணும் ரத்தமும் படாத வில்லைகளாகப் பார்த்து முறத்தில் பொறுக்க ஆரம்பித்தாள்.